மூக்குச் சக்கரம் உடைந்தது ஏன்?

கேள்வி: ஐயா, என் மகன் டர்பனிலுள்ள வெர்ஜீனியா விமானநிலையத்தில் செஸ்னா 172 என்ற சின்ன விமானத்தை ஓட்டப் பழகுகிறான். போன வாரம் தனியாக இறங்கும்போது விமானம் மூன்று தரம் குதித்து, மூக்குச் சக்கரம் உடைந்துவிட்டது. அவனுக்கு அடி இல்லை. காற்றின் குற்றமா, அவன் குற்றமா?
– ஒரு தாய், சாட்ஸ்வொர்த்

பதில்: பிள்ளைக்கு அடி இல்லையே, அது போதும் அம்மா. காற்றை நான் அவ்வளவு சந்தேகப்பட மாட்டேன். அங்கே வடகிழக்குக் காற்றும் தென்மேற்குக் காற்றும் பெரும்பாலும் ஓடுபாதையின் போக்கிலேயேதான் வீசும். எனக்குச் சந்தேகம் வேகத்தின் மேல். சுமார் 65 நாட் (knot, மணிக்கு ஏறக்குறைய 120 கி.மீ.) வேகத்தில் வரவேண்டியவன் 75-இல் வந்தால் விமானம் தரையில் உட்காராது, மிதக்கும். பையன் பொறுமையிழந்து விமானத்தின் மூக்கைக் கீழே அழுத்துவான். மூக்குச் சக்கரம் முதலில் இடித்து மேலே எகிறும். மறுபடி அழுத்துவான், இன்னும் பலமாக எகிறும். மூக்குக் கால் பெரும்பாலும் இரண்டாவது மூன்றாவது இடியில்தான் போகும். அவனுடைய கை எப்போதும் விமானத்துக்கு ஒரு நொடி பிந்தியே ஓடும், அதுதான் வம்பு.

முதல் குதிப்பிலேயே முழு பவர் கொடுத்து, இறக்கையின் பின்னால் இறக்கிவிடும் மடலான ஃப்ளாப்பை 20 டிகிரிக்குக் குறைத்து, மேலே ஏறி இன்னொரு சுற்று வந்திருக்கலாம். தனியாகப் பறக்கும் பையன்களுக்கு அது தோல்வி மாதிரித் தெரிகிறது. என்ன ரோஷமோ!

அப்புறம், ப்ரொப்பெல்லர் தரையில் பட்டதா என்று கேளுங்கள். பட்டிருந்தால், இன்ஜினைப் பிரித்துச் சோதிக்கும்வரை அவன் அதில் ஏறக்கூடாது.