தொட்டி ஈச்சையின் மஞ்சள் ஓலைகளை வெட்டலாமா?

வெட்டாதீர்கள். நுனி கருகி, மஞ்சள் புள்ளி விழுந்த அந்த அடி ஓலைகளை நம்பித்தான் உங்கள் குட்டி ஈச்சை இப்போது பிழைத்திருக்கிறது.

பெரும்பாலும் இது பொட்டாசியப் பற்றாக்குறை. மண்ணில் கிடைக்காததை மரம் பழைய ஓலையிலிருந்து எடுத்துக் குருத்துக்கு அனுப்புகிறது. அதை வெட்டினால் அடுத்த ஓலையில் கைவைக்கும்.

ஓர் ஓலையை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். புள்ளிகள் எண்ணெய் பட்ட காகிதம்போல் ஒளியை விட்டால் காரணம் அநேகமாக அதுவே. பொட்டாசியமும் மெக்னீசியமும் சேர்ந்த, மெல்லக் கரையும் உரம் இடுங்கள். யூரியா மட்டும் வேண்டவே வேண்டாம், பற்றாக்குறை முற்றிவிடும். பழுத்தது மீண்டும் பச்சையாகாது, புது ஓலைகளுக்காகப் பல மாதங்கள் காத்திருங்கள்.

குருத்தையும் மெதுவாக இழுத்துப் பாருங்கள், காம்படியில் ஊசிமுள் இருக்கும், கவனம். குருத்து கையோடு வந்து நாற்றமடித்தால் அது குருத்தழுகல், உரத்தால் தீராது.