அம்மாவின் குரலும் சித்தப்பாவின் சொல்லும்

வணக்கம் சார்,

நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூர்க்காரன். வயது 58. அம்மா தவறி 17 வருடம் ஆகிறது. போன மாதம் திதி கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோது அவர் குரலை நினைத்துப் பார்த்தேன். வரவில்லை. முகம் வருகிறது, சொன்ன வார்த்தைகள்கூட வருகின்றன, குரல் மட்டும் இல்லை. அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

1994-ல் முந்திரித் தோப்பைப் பாகம் பிரித்தபோது சித்தப்பா நடுவாசலில் நின்று அம்மாவைப் பார்த்து ஒரு சொல் சொன்னார். அது இன்றைக்கும் அட்சரம் பிசகாமல் காதில் நிற்கிறது. அவர் வேட்டியின் கரை, கையிலிருந்த சாவிக்கொத்து எல்லாம் கண்ணில் இருக்கிறது. அந்தத் தோப்பே 2011 தானே புயலில் படுத்துவிட்டது. சித்தப்பாவும் போய்விட்டார். சாவுக்கு நான் போகவில்லை.

பெற்றவள் குரல் மறந்துவிட்டது, திட்டியவர் சொல் மறக்கவில்லை. நான் என்ன மனிதன் சார்? இப்போது சித்தப்பா மகன், தன் பெண்ணின் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்துவிட்டுப் போயிருக்கிறான். கல்யாணம் பாண்டியில். எல்லாவற்றையும் மறந்துவிட்டுப் போய்வரலாம் என்கிறாள் மனைவி. எப்படி மறப்பது என்று மட்டும் யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

*

அன்புள்ள நண்பருக்கு,

'நான் என்ன மனிதன்' என்பதை முதலில் தள்ளி வையுங்கள். பாசத்தை அளந்து பார்த்து மூளை எதையும் பத்திரப்படுத்துவதில்லை. சம்பவம் நடந்தபோது உடம்பு எவ்வளவு பதறியது, பிறகு அதை எத்தனை தடவை எடுத்துப் புரட்டினோம், பெரும்பாலும் இந்தக் கணக்குத்தான். சித்தப்பா கத்திய அன்று உங்களுக்கு நெஞ்சு படபடத்திருக்கும், கை நடுங்கியிருக்கும். அப்போது சுரக்கும் அட்ரினலின் ஞாபகத்தை அழுத்திப் பதிய வைக்கும். அதன் பிறகு படுக்கையில், பஸ்ஸில், பல் தேய்க்கும்போது என்று எத்தனை முறை ஓட்டிப் பார்த்தீர்களோ! ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, அவை எவ்வளவு வேகமாக மறக்கின்றன என்று அளந்து 1885-ல் புத்தகமாகவே போட்டார். ஒரு மணி நேரத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் ஐந்தில் ஒரு பங்குதான் மிச்சம். விட்டு விட்டுத் திரும்பப் படித்தால் இந்தச் சரிவு மட்டுப்படும். நீங்கள் சித்தப்பாவின் சொல்லுக்கு ரிவிஷன் பண்ணிக்கொண்டே இருந்தீர்கள், அம்மாவின் குரலுக்குப் பண்ணவில்லை. யார்தான் பண்ணுவார்கள்? இருக்கும்வரை அது கேட்டுக்கொண்டேதானே இருந்தது.

அந்தக் குரலின் சங்கடமே அதுதான். "சாப்பிட வா", "கதவைச் சாத்து", "அந்தப் பக்கம் வெயில், இப்படி வா" என்று ஆயிரக்கணக்கான நாட்கள். ஒரே தாளில் மேலே மேலே எழுதினால் எந்த வரியையும் தனியாகப் படிக்க முடியாது. சித்தப்பாவின் சொல்லுக்கு ஒரு முழு வெள்ளைத் தாள் கிடைத்துவிட்டது.

இதற்கு நேர்மாறான ஒரு மனிதர் இருந்தார். ரஷ்யாவில் ஷெரெஷெவ்ஸ்கி என்று பெயர். லூரியா என்ற உளவியலாளர் அவரைப் பல ஆண்டுகள் கூடவே இருந்து ஆராய்ந்தார். நீளமான எண் வரிசைகளை வருடக்கணக்காகியும் அப்படியே ஒப்பிப்பார். ஆனால் தெரிந்தவர்களின் முகத்தை அடையாளம் கண்டுகொள்ளத் திணறினார். போனில் பேசுபவரின் குரலிலும் அதே தொல்லை. ஒரே ஆளின் குரல் காலையில் ஒரு மாதிரி, மாலையில் ஒரு மாதிரி இருக்கிறதே, எதை வைத்துக் கண்டுபிடிப்பது என்பது அவர் புகார். சளி பிடித்த அன்றும், கோபத்தில் கத்திய அன்றும் உங்கள் அம்மா குரலை அம்மா குரல் என்றே நீங்கள் கேட்டீர்கள் அல்லவா? சில்லறை வித்தியாசங்களை மறக்கத் தெரிந்ததால் கிடைத்த வசதி அது.

அப்புறம், குரல் போய்விட்டது என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிட வேண்டாம். நினைத்தவுடன் வரவழைப்பது வேறு, கேட்டவுடன் அடையாளம் தெரிவது வேறு. முதலாவது எல்லோருக்குமே பலவீனம். இரண்டாவது ரொம்பக் காலம் தாங்கும். நாளைக்கே அந்தக் குரல் ஒரு நொடி காதில் விழுந்தால் உங்களுக்குத் தெரிந்துவிடும் என்றுதான் நினைக்கிறேன்.

குற்ற உணர்ச்சிக்கு இன்னொன்று. ஆடி அமாவாசையன்று தேவனாம்பட்டினம் கடற்கரையில் தர்ப்பணம் செய்ய உட்கார்ந்தால் ஐயர் என்ன கேட்கிறார்? அப்பா பேர், தாத்தா பேர், கொள்ளுத்தாத்தா பேர். அம்மா வழியிலும் அதே மூன்று தலைமுறை. அதற்கு மேலே கேட்கவே மாட்டார். மறக்கலாம் என்று சாஸ்திரமே ஓர் இடத்தில் கோடு போட்டு விட்டுவிடுகிறது.

இனி அந்தச் சொல். அட்சரம் பிசகாமல் நிற்கிறது என்கிறீர்கள். எனக்குச் சந்தேகம். 1986 ஜனவரியில் அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள், அந்தச் செய்தியை எங்கே எப்படிக் கேள்விப்பட்டீர்கள் என்று உல்ரிக் நைஸர் என்ற உளவியல் பேராசிரியர் தன் மாணவர்களிடம் எழுதி வாங்கினார். இரண்டரை வருடம் கழித்து அதையே மறுபடி கேட்டார். 44 பேரில் 11 பேருக்கு எல்லாமே தப்பு. ஆனால் பலர் அடித்துச் சத்தியம் செய்கிற உறுதியோடு சொன்னார்கள். சொந்தக் கையெழுத்தை எடுத்துக் காட்டியும் பழைய ஞாபகம் திரும்பவில்லை. இவ்வளவு தூரம் போக வேண்டாம். தானே புயல் அடித்த 2011 டிசம்பர் 30 காலையில் எங்கே இருந்தாய் என்று கடலூரில் ஒரே வீட்டில் நாலு பேரைத் தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள். ஓடு முதலில் பறந்ததா, முருங்கை முதலில் சாய்ந்ததா என்பதிலேயே தகராறு வரும். ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் ஞாபகம் கொஞ்சம் மாறித்தான் திரும்ப உள்ளே போகிறது. நீங்கள் அதிகம் எடுத்தது அந்தச் சொல்லைத்தான். சித்தப்பா பேசவே இல்லை, தப்பே செய்யவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. பேசியிருப்பார், கேவலமாகவே பேசியிருப்பார். ஆனால் இன்று உங்கள் காதில் ஒலிப்பதில் பாதி உங்கள் தயாரிப்பு.

மறப்பது எப்படி என்று கேட்டீர்கள். முயற்சி செய்யாதீர்கள். குரங்கை நினைக்காமல் மருந்து குடி என்ற கதைதான். டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் 1987-ல் இதை ஆய்வாகவே செய்து பார்த்தார், குரங்குக்குப் பதில் வெள்ளைக் கரடி. நினைக்கக் கூடாது, நினைத்தால் மணியை அடிக்க வேண்டும். மணி அடித்துக்கொண்டேதான் இருந்தது. அதனால் மறந்துவிட்டுப் போக வேண்டாம், ஞாபகத்தோடேயே போங்கள். இருபது கிலோமீட்டர் சொச்சம். மொய் எழுதுங்கள், பந்தியில் உட்காருங்கள், தோப்புப் பேச்சை எடுக்காதீர்கள். யாராவது எடுத்தால் கைகழுவ எழுந்துவிடுங்கள்.

போக வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் பெருந்தன்மை இல்லை. இதே வெக்னர்தான் 1985-ல், சேர்ந்து வாழ்பவர்கள் ஞாபகத்தையும் பங்கு போட்டு வைத்துக்கொள்கிறார்கள் என்றும் எழுதினார். இது உன் பொறுப்பு, அது என் பொறுப்பு என்று பேசிக்கொள்ளாமலே. தோப்பைப் பிரித்தபோது நீங்கள் இதையும் சேர்த்துப் பிரித்துவிட்டீர்கள். சித்தி இருக்கிறாரா? நீங்கள் எழுதவில்லை. இருந்தால் பக்கத்தில் போய் உட்காருங்கள். ஓரகத்தி எப்படிப் பேசினாள், எப்படி இழுத்தாள் என்பதை ஒரு பெண் மறப்பாளா! நடித்தே காட்டுவார், கொஞ்சம் காரத்தோடு.

பத்திரிகை வைத்த சித்தப்பா மகனிடமும் ஒன்று கேளுங்கள். 1994-க்கு முன்னால் இரண்டு குடும்பமும் சேர்ந்து நடத்திய கல்யாணம், காதுகுத்து என்று ஏதாவது வீடியோ கேசட் அவர் வீட்டில் கிடக்கலாம். நம் வீடியோக்காரர்கள் முழுக் கல்யாணத்துக்கும் சினிமாப் பாட்டைப் போட்டு மூடிவிடுவார்கள், அந்தக் கோபம் எனக்கு இன்னும் உண்டு. இருந்தாலும் பாட்டு மாறும் இடைவெளிகளில் சில நேரம் பேச்சு மாட்டிக்கொண்டிருக்கும். கடலோர ஊர், டேப்பில் பூஞ்சை பிடித்திருக்கும். கிடைத்த ஆவலில் பிளேயரில் போட்டு ஓட்டிவிடாதீர்கள், டேப் அறுந்துவிடும். நேராக, டிஜிட்டலுக்கு மாற்றித் தருகிறவரிடம் கொடுங்கள்.