மொத்தமாக 300 வெள்ளி தருகிறேன் என்கிறார், கொடுக்கலாமா?

கேள்வி: தாத்தா போன மாதம் காலமானார். சிங்கப்பூர் தோ பாயோவில் அவர் இருந்த வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டை இன்னும் ஆறு வாரத்தில் காலி செய்ய வேண்டும். ஐந்து பெட்டி நிறையப் பழைய தமிழ்ப் புத்தகங்கள், சிலவற்றுக்கு அட்டையே இல்லை, சிலவற்றைப் பூச்சி அரித்திருக்கிறது. இணையத்தில் படம் போட்டேன். ஒருவர் "மொத்தமாக 300 வெள்ளி தருகிறேன், நாளைக்கே வண்டியோடு வருகிறேன்" என்கிறார். உண்மையான மதிப்பை எப்படித் தெரிந்துகொள்வது? (தோ பாயோ வாசகர்)

பதில்: நாளைக்கு வேண்டாம், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். அவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்லவில்லை, 300 வெள்ளி நியாயமான விலையாகவே இருக்கலாம். ஆனால் வாங்குகிறவரே விலையும் வைத்து அவசரமும் படுத்தும்போது ஒன்றை யோசிக்க வேண்டும். அந்த ஐந்து பெட்டியில் அவருக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் ஐந்தாறு புத்தகம்தான், எந்த ஐந்தாறு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, உங்களுக்கு இன்னும் தெரியவில்லை. ஆறு வாரம் இருக்கிறது, இரண்டு வார இறுதி போதும், உட்கார்ந்து பிரித்துவிடலாம்.

பழையது என்பதற்காகவே விலை வந்துவிடாது, இதைக் கேட்டு நிறையப் பேர் மனம் சோர்ந்துபோகிறார்கள். தமிழ்நாட்டில் ஐம்பது, அறுபதுகளில் அச்சான நாவல்கள், திருக்குறள் உரைகள், பக்தி நூல்கள் எல்லாம் ஏராளமாக அச்சாகி, திரும்பத் திரும்பப் பதிப்பும் கண்டவை. தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்களின் நூல்களை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். மதுரைத் திட்டம் 1998 முதல் பழைய நூல்களை இணையத்தில் இலவசமாகவே தருகிறது. படிக்க மட்டும் நினைப்பவருக்கு உங்கள் தாத்தாவின் பிரதி தேவைப்படாது. ஆகவே இந்த வகைப் புத்தகத்துக்கு ஒன்றுக்கு இரண்டு, மூன்று வெள்ளி கிடைத்தாலே நல்ல விலை என்பேன்.

சிங்கப்பூரிலும் மலாயாவிலும் அச்சானவை வேறு கதை. அவற்றைத் தனியாக எடுத்து வையுங்கள், கெஞ்சியே கேட்கிறேன். இங்கே தமிழ் அச்சுக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. 1872ல் வந்த 'முனாஜாத்துத் திரட்டு' இன்றும் கிடைக்கிற மிகப் பழைய சிங்கப்பூர்த் தமிழ் நூலாகச் சொல்லப்படுகிறது, 'சிங்கை நேசன்' இதழ் 1887ல் தொடங்கியது. அவ்வளவு பழையது உங்கள் பெட்டியில் இருக்கும் என்று நான் நம்பிக்கை கொடுக்கவில்லை. ஆனால் 1952ல் இங்கே தொடங்கிய தமிழர் திருநாள் விழாவின் மலர்கள், கோயில் குடமுழுக்கு மலர்கள், தொழிற்சங்கத் துண்டுப் பிரசுரங்கள், சீர்திருத்தச் சங்கத்துச் சிறு நூல்கள், நாடக நோட்டீஸ்கள், பள்ளி ஆண்டு மலர்கள் இருக்க நல்ல வாய்ப்புண்டு. உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியே 1982ல் மூடப்பட்டுவிட்டது, அதன் மலர் ஒன்று கிடைத்தால் திரும்ப அச்சிட யார் இருக்கிறார்கள்? இவை குறைவாக அச்சாகி, விழா முடிந்ததும் பழைய சாமான் வாங்கும் கராங்குனிக்காரரிடம் போனவை. ஜப்பானியர் காலத்தில், அதாவது 1942க்கும் 1945க்கும் இடையில், இங்கே அச்சான எந்தத் தமிழ்த் தாளையும் ஒற்றைப் பக்கமானாலும் எறியாதீர்கள். தடித்த அட்டைப் புத்தகங்களை ஒதுக்கி வைத்துவிட்டு மெல்லிய தாள்களைக் குப்பையில் போடுகிற குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் வயிறு எரியும்.

அடுத்து ஆண்டு. பழைய தமிழ் நூலில் ஆண்டு கண்டுபிடிப்பது ஒரு கலை. தலைப்புப் பக்கத்தில் "சர்வசித்து வருஷம்" என்று மட்டும் போட்டிருப்பார்கள். அறுபது ஆண்டுச் சுழற்சி என்பதால் அது 1887 ஆகவும் இருக்கலாம், 1947 ஆகவும் இருக்கலாம், சித்திரையில் பிறப்பதால் அடுத்த ஆங்கில ஆண்டிலும் கொஞ்சம் நீளும். சிலவற்றில் ஆண்டு ௧௮௮௭ என்று தமிழ் எண்ணில் இருக்கும், பழக்கமில்லாதவர் அதை எழுத்து என்று நினைத்துக் கடந்துபோவார். இரண்டும் இல்லையா, பின்னட்டையில் விலையைப் பாருங்கள். இந்திய நூலில் அணாவில் விலை இருந்தால் அநேகமாக 1957க்கு முந்தியது, "ந.பை." என்று நயா பைசாவில் இருந்தால் 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது. தும்பிக்கை போட்ட பழைய லை, னை எழுத்துகள் இருந்தால் பெரும்பாலும் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியது, அதற்குப் பிறகும் சில அச்சகங்கள் பழைய அச்சுகளை விடாமல் வைத்திருந்தன என்பதால் இதை மட்டும் நம்ப வேண்டாம். சிங்கப்பூர், மலாயாப் பணமான "வெள்ளி", "காசு" என்று விலை போட்டிருந்தால் அந்தப் புத்தகம் நேராக உங்கள் தனிப் பெட்டிக்குப் போக வேண்டும்.

சரி, பிரித்தாகிவிட்டது, இப்போது தேடல். தேசிய நூலக வாரியத்தின் பட்டியலிலும் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் பட்டியலிலும் நூலின் பெயரைத் தேடுங்கள், எழுத்துக்கூட்டலை மாற்றி மாற்றியும் பாருங்கள். இரண்டிலும் இல்லை என்றால் அரிய நூலாக இருக்க வாய்ப்பு அதிகம். அரிது என்பதும் விலை என்பதும் ஒன்றல்ல, தேடுகிற ஆள் ஒருவராவது இருக்க வேண்டும். விலைக்கு வந்தால், இணையத்தில் ஒருவர் 900 வெள்ளி என்று போட்டிருப்பது அவருடைய ஆசை. அதே புத்தகம் மூன்று ஆண்டாக அங்கேயே கிடக்கும். ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டச் சொல்லலாம், அந்த எண்தான் ஒருவர் உண்மையிலேயே கையிலிருந்து கொடுத்த பணம். தமிழ் நூல்களுக்கு அப்படிப்பட்ட பதிவு குறைவு, ஆகவே பிராஸ் பாசா காம்ப்ளெக்சில் பழைய புத்தகம் வாங்குகிற கடைகளில் ஏறி இறங்கி, தலைப்புப் பக்கப் படங்களைக் காட்டி இரண்டு மூன்று பேரிடம் கேளுங்கள். பணம் வாங்கிக்கொண்டு மதிப்பிட்டுச் சொல்பவரிடம் போனால் அவர் அதை வாங்க மாட்டார் என்பதையும், கட்டணம் மதிப்பில் இத்தனை விழுக்காடு என்று இல்லாமல் முன்கூட்டியே பேசிய தொகை என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். நூலகங்கள் பொதுவாக விலை சொல்வதில்லை. ஆனால் தனிப் பெட்டியில் இருப்பதை விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்துக்கு நன்கொடையாகக் கொடுப்பது பற்றி ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள், எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், தேர்ந்துதான் எடுப்பார்கள். என் மனசு அந்தப் பக்கம்தான் சாய்கிறது, முடிவு உங்கள் குடும்பத்துடையது.

அதுவரைக்கும் எதையும் ஒட்டாதீர்கள், குறிப்பாக செலோடேப். கிழிந்த அட்டையைவிட அந்தப் பசையின் மஞ்சள் கறைதான் விலையைக் குறைக்கும். தாத்தாவின் கையெழுத்தை, பக்க ஓரக் குறிப்பை அழிக்க வேண்டாம். கரோசெல் இணையச் சந்தையில் விற்றால், "பணம் பெற இந்த இணைப்பை அழுத்துங்கள்" என்று வாங்குகிறவர் அனுப்பினால் தொடாதீர்கள், பேநவ் வழியாகப் பணம் வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்த பிறகே புத்தகத்தைக் கொடுங்கள். சந்தேகமாக இருந்தால் 1799 என்ற மோசடித் தடுப்பு எண்ணுக்கு அழைக்கலாம்.

கேள்வி: 1892ல் வந்த உ.வே.சா.வின் சிலப்பதிகாரம் முதற் பதிப்பு என்று ஒருவர் 1,500 வெள்ளி கேட்கிறார். முகவுரையில் அந்தக் காலத் தேதி இருக்கிறது. நம்பி வாங்கலாமா? (ஈசூன் வாசகி)

பதில்: முகவுரைத் தேதியை மட்டும் வைத்து வாங்காதீர்கள் அக்கா, இதில்தான் நிறையப் பேர் விழுகிறார்கள். பிற்பதிப்புகளிலும் முதற்பதிப்பின் முகவுரையை அப்படியே திரும்ப அச்சிடுவது வழக்கம். தலைப்புப் பக்கம், அச்சகத்தின் பெயர், எத்தனையாவது பதிப்பு என்ற வரி, கடைசிப் பக்கம் இவற்றின் படத்தைக் கேளுங்கள், தலைப்புப் பக்கம் கிழிந்துவிட்டது என்றால் முதற்பதிப்பு விலை கொடுக்க வேண்டியதில்லை. பிறகு நேரில் போய்ப் பாருங்கள். அந்தக் காலத்தில் ஈய எழுத்துகளைக் கோத்து அழுத்தி அச்சடித்தார்கள், தாளின் பின்புறம் விரலால் தடவினால் பெரும்பாலும் எழுத்து லேசாகப் புடைத்திருப்பது தெரியும். பழைய பக்கத்தைப் படமெடுத்து அச்சிட்ட பிரதியில் தாள் வழுவழுவென்று இருக்கும். நூலக முத்திரை இருந்தால், நூலகம் கழித்துவிட்ட பிரதிதானா என்று கேளுங்கள், பதில் தெளிவாக இல்லையென்றால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

"முதற் பதிப்பு" என்று விற்பவர் எழுதிக் கொடுத்த குறுஞ்செய்தியைப் பத்திரமாக வைத்திருங்கள். பிறகு அது பொய் என்று தெரிந்தால் சிறு உரிமைக்கோரல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், அங்கே 20,000 வெள்ளி வரை கோரலாம், இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். அதே ஆள் ஊரிலிருந்து ஓலைச்சுவடி தருவிக்கிறேன் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள், 75 ஆண்டைத் தாண்டிய வரலாற்று, இலக்கிய மதிப்புள்ள சுவடிகளைத் தனியார் இந்தியாவிலிருந்து வெளியே அனுப்ப 1972ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தரவில்லை.

கேள்வி: விற்கும் எண்ணம் இல்லை, அப்பாவின் புத்தகங்களை இராமபாணப் பூச்சி தின்கிறது. என்ன செய்வது? (ஜூரோங் வாசகர்)

பதில்: நம் ஊர் ஈரம்தான் அதற்கு விருந்து. வெளிச்சுவரை ஒட்டி அலமாரி வேண்டாம், பின்னால் காற்று போக நாலு விரல் இடைவெளி விடுங்கள். முக்கியமான பத்து இருபதைக் கேமரா வைக்கும் டிரை பாக்சில் ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்குப் பக்கத்தில் இருக்கும்படி வையுங்கள், ரொம்பக் குறைத்தால் பழைய தாள் நொறுங்கும். வெயிலில் காயப்போட வேண்டாம்.