மூக்கில் ரத்தம், கண்ணில் மங்கல்: ஐந்து வாரம் காத்திருக்காதீர்கள்

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. ரத்தத்தில் தேவையற்ற புரதம் கூடியிருக்கிறது, ‘வால்டன்ஸ்ட்ராம்’ நோய் என்றார்கள். மருந்து வேண்டாம், கண்காணித்தால் போதும் என்றார் மருத்துவர். ரத்தம் உறைந்து பக்கவாதம் வந்துவிடுமோ என்று பயந்து, ஒரு வீடியோவில் சொன்னபடி ஆஸ்பிரின் கொடுத்து வருகிறேன். பருப்பு, முட்டையை நிறுத்திவிட்டேன். இரண்டு வாரமாக மூக்கில் ரத்தம் கசிகிறது. கண்ணாடியை மாற்றியும் பார்வை தெளியவில்லை. கால் விரல்களும் மரத்துப்போகின்றன. அடுத்த பரிசோதனைக்கு ஐந்து வாரம் இருக்கிறது.
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: இதைப் படித்த கையோடு அப்பாவை அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். அவரை வண்டி ஓட்ட விடாதீர்கள்; மங்கிய கண்ணோடு பினாங்குப் பாலத்தில் ஏறக் கூடாது.

நீங்கள் பயப்படுவது ரத்தக்கட்டிக்கு. என் பயம் வேறு. இந்த நோயில் பெருகும் ஐ.ஜி.எம். புரதம் உருவத்தில் மிகப் பெரியது. அளவு மீறினால் ரத்தம் பாகு போலாகிவிடும். சிவப்பணுக்கள் அடுக்கிய சில்லறைக் காசு போல ஒட்டிக்கொண்டு நுண்குழாய்களில் ஊர்கின்றன. அதைக் கண்ணால் பார்க்கக்கூடிய இடம் விழித்திரை. சொட்டு மருந்து விட்டு உள்ளே பார்த்தால், சிரைகள் புடைத்தும் இடையிடையே ஒடுங்கியும், நூலால் இறுக்கிய பூச்சரம் போலத் தெரியும். அருகே ரத்தத் திட்டுகள் இருக்கும். கண்ணாடிக் கடையில் எத்தனை முறை பவர் பார்த்தாலும் இது பிடிபடாது.

ரத்தம் தடித்திருந்தால் ஏன் கசிய வேண்டும்? அதே புரதம், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களின் மேல் படிந்து அவற்றின் வேலையைக் கெடுக்கிறது. 1944இல் ஸ்வீடன் மருத்துவர் யான் வால்டன்ஸ்ட்ராம் விவரித்த இரண்டு நோயாளிகளுக்கும் மூக்கிலும் வாயிலும் ரத்தக் கசிவு இருந்தது. ஏற்கெனவே முடங்கிய தட்டணுக்களை ஆஸ்பிரினால் மேலும் முடக்கியிருக்கிறீர்கள். அது புரதத்தை இம்மியளவும் குறைக்காது. இதய மருத்துவர் எழுதிக் கொடுத்ததல்ல என்பதால் இன்றே நிறுத்துங்கள். வீடியோவில் பேசியவர் உங்கள் அப்பாவின் கண்ணைப் பார்த்தவரல்ல.

பருப்பையும் முட்டையையும் திரும்பக் கொடுங்கள். இந்தப் புரதத்தைச் சுரப்பது எலும்பு மஜ்ஜையில் உள்ள அணுக்கள். சாப்பாட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. கால் மரத்துப்போவதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், ஆனால் இன்றைய அவசரம் அதுவல்ல. கண்காணித்தால் போதும் என்று அவர் சொன்னதும் தவறல்ல. அறிகுறி இல்லாதவரை அதுதான் சரி. இப்போது அறிகுறி வந்துவிட்டது.

அவசரப் பிரிவில் முதல் வார்த்தையாக நோயின் பெயரைச் சொல்லுங்கள். ரத்தசோகை என்று கண்டு உடனே ரத்தம் ஏற்ற நினைத்தால், ரத்தவியல் மருத்துவரைக் கேட்ட பிறகு ஏற்றும்படி வற்புறுத்துங்கள். பாகாக இருக்கும்போது சிவப்பணுக்களைச் சேர்த்தால் ஓட்டம் இன்னும் மந்தமாகும். அணுக்கள் நீக்கிய ரத்த நீரான சீரத்தின் பாகுத்தன்மை வழக்கமாக 1.8 சென்டிபாய்ஸுக்குள் (பாகுத்தன்மையின் அலகு) இருக்கும். பெரும்பாலும் 4ஐத் தாண்டினால்தான் தொல்லை தெரியும். ஆனால் விழித்திரை காட்டிக்கொடுத்துவிட்டால் அந்த எண்ணுக்காக நாங்கள் காத்திருப்பதில்லை. பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சையைத் தொடங்கிவிடுவோம்: இயந்திரம் ரத்தத்தைப் பிரித்து, புரதம் மண்டிய மஞ்சள் நீரை அகற்றி, அதற்குப் பதிலாக அல்புமின் என்ற புரதக் கரைசலைச் சேர்த்துத் திருப்பி அனுப்பும். ஐ.ஜி.எம்.மில் பெரும்பகுதி ரத்தக் குழாய்களுக்குள்ளேயே தங்குவதால் பலன் விரைவில் தெரியும். சுரக்கும் அணுக்களை அடக்கும் மருந்து அதன் பிறகு.

பழைய ரத்தப் பரிசோதனைத் தாள்களை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். போகும் வழியில் பேச்சு குழறினாலோ, தலை சுற்றித் தள்ளாடினாலோ, வண்டியை ஓரம் நிறுத்தி 999ஐ அழையுங்கள்.