9 ஆஸ்கர் வாங்கிய 'தி இங்கிலீஷ் பேஷன்ட்' படத்தைப் பலர் அறுவை என்கிறார்களே, ஏன்?

அறுவை என்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். இரண்டே முக்கால் மணி நேரப் படம். உடம்பெல்லாம் வெந்துபோன ஒருத்தர் இத்தாலியில் ஒரு பாழடைந்த மடத்தில் படுத்துக்கொண்டு, பாலைவனத்தில் இன்னொருத்தர் மனைவியைக் காதலித்த கதையைத் துண்டு துண்டாகச் சொல்கிறார். பொறுமை வேண்டும்.

1996-ல் வந்தபோது விமர்சகர்கள் பெரும்பாலும் தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள். 12 பரிந்துரை, 9 விருது. அடுத்த வருஷமே அமெரிக்காவின் 'சைன்ஃபெல்ட்' தொடரில், ஊரே புகழும் இந்தப் படத்தைச் சகிக்க முடியாமல் தவிக்கும் பெண்ணை வைத்து ஒரு எபிசோடு எடுத்துக் கலாய்த்துவிட்டார்கள். அந்த நோயாளியின் பெயர் அல்மாசி; நிஜ அல்மாசி ஜெர்மன் ராணுவத்துக்கு வேலை பார்த்தவர், அவரைப் போய் காதல் நாயகனாக்குவதா என்ற சண்டையும் அப்போதே நடந்தது.

என் குறை வேறு. கிப்.

வெடிகுண்டு செயலிழக்க வைக்கும் சீக்கிய வீரன், நவீன் ஆண்ட்ரூஸ் நடித்தது. ராயபுரத்தில் எங்கள் வீட்டில் படம் ஓடியபோது, ஹார்பரில் கிரேன் ஓட்டும் என் மச்சான் பாலைவனக் காதல் முழுக்க செல்போனை நோண்டிக்கொண்டிருந்தான். "இன்னா மச்சான், லவ் பண்றாங்களா, லெக்சர் குடுக்கறாங்களா?" பாலத்தடியில் சேற்றுக்குழிக்குள் கிப் குண்டோடு மல்லுக்கட்ட, போர் முடிந்த குஷியில் டாங்கிகள் தடதடவென்று வரும் காட்சியில்தான் போனைக் கீழே வைத்தான்.

கொழும்பில் பிறந்த மைக்கேல் ஒண்டாச்சியின் நாவலில் (1992, புக்கர் பரிசு) கிப்புக்குத்தான் முடிவே. ஹிரோஷிமா செய்தி ரேடியோவில் வருகிறது. வெள்ளைக்காரனுக்காக உயிரைப் பணயம் வைத்துக் குண்டு எடுத்தவன், துப்பாக்கியோடு அந்த நோயாளி முன்னால் போய் நிற்கிறான். ஆசியக்காரன் தலையில் போட்டதை வெள்ளைக்கார நாட்டின் மேல் போட்டிருப்பார்களா என்ற கோபம் அது. சுடாமல் மோட்டார் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விடுகிறான்.

படத்தில் இதெல்லாம் இல்லை. கூட வேலை பார்த்த ஹார்டி குண்டு வெடித்துச் சாகிறான், கிப் இடிந்துபோகிறான், பிறகு வேறு ஊருக்கு மாற்றல். அவ்வளவுதான். பல இலக்கிய விமர்சகர்களும் இதைத்தான் சுட்டினார்கள். இரண்டரை மணி நேரம் காதலை ஊதிவிட்டுக் கடைசியில் அணுகுண்டைக் கொண்டுவந்தால் ஒட்டாது என்று இயக்குநர் மிங்கெல்லா பக்கம் வாதாடலாம். ஒட்டும்படி எழுதுவதுதானே திரைக்கதை? ஒரு தேவாலயத்துக்குள் கிப், நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் ஹானாவைக் கயிற்றில் ஏற்றி, தீவெட்டி வெளிச்சத்தில் சுவரோவியம் காட்டுகிற அழகான காட்சியை எடுத்தவருக்கு இது முடியாதா என்ன!

நாவலின் முடிவை மச்சானிடம் சொன்னேன். "அத்த எட்த்திருந்தா ஒம்போது ஆஸ்கர் குட்த்திருப்பானா?" என்றான்.