ஒயினில் குடைமிளகாய், வெண்ணெய், மிளகு மணங்களைப் பிரித்தறியக் கற்பது எப்படி?

குடைமிளகாயோ வெண்ணெயோ சேர்க்காத ஒயினில் அவற்றின் மணம் வீசுவதாகச் சொல்வது வெறும் பாவனையா, இல்லையென்றால் அதை எப்படிக் கற்பது என்று கேட்டிருக்கிறீர்கள். பாவனை செய்பவர்களும் உண்டு. ஆயினும் நீங்கள் குறிப்பிட்ட இரண்டுக்கும் வேதியியல் அடிப்படை இருக்கிறது. குடைமிளகாய்க்கு அதன் மணத்தைத் தரும் மெத்தாக்சிபைரசின் என்னும் சேர்மம் சாவின்யோன் பிளாங்க், கபெர்னே சாவின்யோன் ஆகிய திராட்சைகளிலும் இருக்கிறது. சரிவரப் பழுக்காத திராட்சையில் அது கூடுதலாகத் தங்கிவிடும். வெண்ணெய் மணம் தரும் டைஅசிட்டைல், ஒயினின் மாலிக் அமிலத்தை லாக்டிக் அமிலமாக்கும் பாக்டீரியாக்களால் உண்டாவது. ஷார்டனே ஒயின்கள் பலவற்றில் அதை உணரலாம்.

நாக்குக்குத் தெரிவது புளிப்பு, இனிப்பு, கசப்பு போன்ற சில சுவைகளே. திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் ஒயினுக்கு வரும் டானின் என்னும் சேர்மங்கள் தரும் துவர்ப்புகூட, பால் சேர்க்காத கடுந்தேநீரைக் குடித்தபின் ஈறு வறண்டுபோவதைப் போன்ற தொடுவுணர்வுதான். பழம், பூ, மசாலா என்று நாம் சொல்பவை அனைத்தும் நேராகவோ தொண்டையின் பின்வழியாகவோ மூக்கை எட்டும் மணங்கள். மூக்கை அழுத்திப் பிடித்தபடி ஒரு வாய் பருகி, பிறகு கையை எடுத்தால் இது விளங்கிவிடும்.

பயிற்சிக்கு, கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பணியாற்றிய ஆன் நோபிள் 1984இல் வெளியிட்ட மணச் சக்கரத்தையே நான் பரிந்துரைப்பேன். அதன் உள்வட்டத்தில் பழம், மலர், மசாலா போன்ற பொதுப் பிரிவுகளும், வெளியே செல்லச் செல்ல எலுமிச்சை, ரோஜா, கிராம்பு எனக் குறிப்பான பெயர்களும் இருக்கும். ‘நேர்த்தியானது’ போன்ற மதிப்பீட்டுச் சொற்களுக்கு அதில் இடமில்லை. சக்கரத்தை மனப்பாடம் செய்வதில் பயனில்லை. விலை குறைந்த, தனித்த மணம் ஏதுமில்லாத வெள்ளை ஒயினைச் சில கோப்பைகளில் ஊற்றி, ஒன்றில் குடைமிளகாய்த் துண்டு, இன்னொன்றில் எலுமிச்சைத் தோல், வேறொன்றில் ஒரு துளி வனிலா எசன்ஸ் என்று இட்டு, மூடிச் சிறிது நேரம் வைத்து, பொருளை எடுத்துவிட்டு முகர வேண்டும். பக்கத்தில் எதுவும் சேர்க்காத கோப்பை ஒன்றும் இருக்கட்டும், ஏனெனில் வேறுபாட்டைத்தான் மூக்கு எளிதில் பிடிக்கும். பிறகு, கோப்பைகளை வேறொருவர் இடம் மாற்றி வைக்க, எது எதுவென்று பார்க்காமல் சொல்லிப் பழக வேண்டும். இந்தக் கடைசிப் படியைப் பலர் தவிர்த்துவிடுகிறார்கள். மணத்தையும் பெயரையும் நினைவில் பிணைப்பது இதுவே என்பது என் அனுபவம். முகர்ந்தே அறியாத ஐரோப்பியப் பழங்களின் பெயர்களைக் குறிப்பில் எழுதாதீர்கள். நாவல்பழம் நினைவுக்கு வந்தால் நாவல்பழம் என்றே எழுதுங்கள்.

நிறத்தை நம்ப வேண்டாம். பிரான்ஸின் போர்தோவில் ஒயினியல் மாணவர்கள் 54 பேரிடம், மணமற்ற சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயினைக் கொடுத்தபோது, சிவப்பு ஒயினுக்குரிய சொற்களாலேயே அதை அவர்கள் வர்ணித்தார்கள்; 2001இல் வெளியான ஆய்வு இது. உள்ளே இருப்பது தெரியாத கறுப்புக் கோப்பை கிடைத்தால் நல்லது.

மிளகைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை உண்டு. ஷிராஸ் என்னும் சிவப்பு ஒயினின் மிளகு மணத்துக்கு ரொட்டண்டோன் என்னும் சேர்மமே காரணம் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்டார்கள். கறுமிளகிலும் இருப்பது அதுவே. அவர்கள் சோதித்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு, அளவைக் கூட்டிக் கொடுத்தும் அந்த மணம் எட்டவில்லை. ஆகவே பல ஷிராஸ்களை முகர்ந்தும் உங்களுக்கு மிளகு கிடைக்கவில்லை என்றால், அதை விட்டுவிட்டுக் கிராம்புக்கும் வனிலாவுக்கும் செல்லுங்கள். ஓக் பீப்பாயில் வைத்த ஒயின்களில் அவ்விரண்டையும் தேடலாம்.