ஏற்கப்பட்ட சரங்கள் மட்டும் போதுமா? முறைசார் மொழிகளை வகைப்படுத்தலும் கற்றலும்

கேள்வி: நான் பராமரிக்கும் மென்பொருளுக்கு வெளியிலிருந்து வரும் செய்திகளின் வடிவத்துக்கு எந்த ஆவணமும் இல்லை. அது ஏற்றுக்கொண்ட சில ஆயிரம் செய்திகள் என்னிடம் இருக்கின்றன. அவற்றை வைத்து இந்த மொழி ரெகுலரா, கான்டெக்ஸ்ட்-ஃப்ரீயா என்று சொல்ல முடியுமா? இலக்கணத்தை ஒரு நிரலே கற்றுக்கொள்ளுமா?

பதில்: அந்தச் செய்திகளை மட்டும் வைத்து முடியாது. ஆனால் அவற்றை ஏற்கும் மென்பொருளும் உங்களிடமே ஓடிக்கொண்டிருக்கிறது. கேள்வியில் நீங்கள் போகிறபோக்கில் சொல்லிவிட்ட அந்த விஷயம்தான் முக்கியமானது.

முதலில், ஏன் முடியாது? இங்கே சரம் என்பது எழுத்துகளின் வரிசை, உங்கள் ஒவ்வொரு செய்தியும் ஒரு சரம். மொழி என்பது ஏற்கப்படும் சரங்களின் தொகுதி. முடிவுள்ள எண்ணிக்கையிலான நிலைகளை மட்டும் நினைவில் வைத்துச் சரிபார்க்க முடிந்தால் அது ரெகுலர். அதோடு ஓர் அடுக்கு நினைவும் (ஸ்டாக்) இருந்தால் சரிபார்க்க முடிவது கான்டெக்ஸ்ட்-ஃப்ரீ. முடிவுள்ள எந்தச் சரத்தொகுதியும் தன்னளவில் ஒரு ரெகுலர் மொழி. அதே தொகுதி, எல்லாச் சரங்களும் அடங்கிய மொழியோடும் பொருந்தும். எந்த நிரலாலும் தீர்மானிக்க முடியாத ஏதோ ஒரு மொழியோடும் பொருந்தும். சில ஆயிரம் சில கோடியானாலும் இது மாறாது.

1967இல் மார்க் கோல்ட் இதைவிடக் கடுமையான ஒரு முடிவை நிறுவினார். ஒரு மொழியின் சரங்கள் ஒன்றுகூட விடுபடாமல் வந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொன்றுக்குப் பிறகும் நிரல் ஓர் ஊகம் சொல்ல வேண்டும். ஏதோ ஒரு கட்டத்தில் சரியான ஊகத்துக்கு வந்து, அதன்பின் மாறாமல் நின்றால் கற்றுவிட்டது என்று பொருள். முடிவுள்ள மொழிகள் அனைத்தும், கூடவே முடிவற்ற மொழி ஒன்றே ஒன்றும் உள்ள வகுப்பை எந்த நிரலாலும் இப்படிக் கற்க முடியாது. அந்த முடிவற்ற மொழியைக் கற்கத் தெரிந்த நிரல், அதன் சில சரங்களைப் பார்த்த ஒரு கட்டத்தில் ‘இது அதுதான்’ என்று உறுதிகொண்டாக வேண்டும். மொழியில் மொத்தமே அதுவரை பார்த்த அந்தச் சில சரங்கள்தான் என்றால்? அவையே திரும்பத் திரும்ப வரும், நிரல் தவறான விடையிலேயே நின்றுவிடும்.

ரெகுலர் வகுப்பில் முடிவுள்ள மொழிகள் எல்லாம் அடக்கம். ஆகவே ரெகுலர், அதற்கு மேல் கான்டெக்ஸ்ட்-ஃப்ரீ என்று மொழிகளை அடுக்கும் சாம்ஸ்கி படிநிலையின் அடித்தட்டுக்கே இந்தக் கதி. கீழ்த்தட்டு என்றால் கற்பது சுலபம் என்று பலரும் நினைக்கிறார்கள். அந்தப் படிநிலை அளப்பது சரத்தை அடையாளம் காணத் தேவையான ஆற்றலை, கற்பதன் கடினத்தை அல்ல. ‘ஏதோ ஒரு சரம், உடனே அதே சரம் இன்னொரு முறை’ என்ற மொழி கான்டெக்ஸ்ட்-ஃப்ரீகூட அல்ல. ஆனாலும் இது போன்ற வார்ப்புரு மொழிகளை (ஓர் அச்சின் வெற்றிடங்களில் சரங்களை இட்டுப் பெறுபவை), ஏற்கப்பட்ட சரங்களிலிருந்து மட்டுமே கற்கலாம் என்று டானா ஆங்லுவின் 1980இல் காட்டினார்.

இனி உங்கள் மென்பொருள். நீங்களே ஒரு சரத்தை அனுப்பி ‘ஏற்பாயா?’ என்று கேட்கலாம் அல்லவா? ஆங்லுவின் 1987இல் வெளியிட்ட எல்-ஸ்டார் அல்காரிதம் இப்படிக் கேட்டுத்தான் கற்கிறது. இரண்டு முன்பகுதிகளை எடுத்து, இரண்டின் பின்னும் ஒரே பின்பகுதியை ஒட்டிப் பார்க்கும். ஒன்று ஏற்கப்பட்டு மற்றது மறுக்கப்பட்டால், அந்த முன்பகுதிகள் மென்பொருளை வெவ்வேறு நிலைகளில் கொண்டுவிடுகின்றன என்று பொருள். இதற்கு அடித்தளம் மைஹில்–நெரோட் தேற்றம்: இப்படிப் பிரியும் நிலைகளின் எண்ணிக்கை முடிவுள்ளதாக இருந்தால், அப்போது மட்டுமே, மொழி ரெகுலர். ‘என் ஊகம் முழுக்கச் சரியா?’ என்ற இன்னொரு கேள்விக்கும் அல்காரிதத்துக்குப் பதில் வேண்டும். அதை உங்கள் மென்பொருள் சொல்லாது. சோதனைச் சரங்களை நிறைய அனுப்பி முரண்பாடு தேட வேண்டியதுதான். ஆகவே கிடைக்கும் உறுதி நிகழ்தகவு சார்ந்தது. ஜாவாவில் லேர்ன்லிப், பைத்தானில் ஏஏஎல்பை என்று கருவிகள் உள்ளன. நீங்களே எழுதிக்கொண்டிருக்க வேண்டாம்.

மொழி ரெகுலர் இல்லை என்றால், முரண்படும் சரங்கள் நீள நீள நிலைகளும் கூடிக்கொண்டே போகும். அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறி வரும் வடிவமென்றால் ஆழத்துக்கு ஏற்ப நிலைகள் ஏறும். இது நிரூபணம் அல்ல, அறிகுறி. உங்கள் மென்பொருள் 20 அடுக்குக்கு மேல் ஏற்காது என்றால், கோட்பாட்டின்படி அது ரெகுலர் மொழியேதான். ஆனால் இரண்டு வகை அடைப்புக்குறி இருந்தாலே, எவையெல்லாம் இன்னும் மூடப்படவில்லை என்று நினைவில் வைக்க 20,97,151 நிலைகள் வேண்டும். அத்தகைய இடத்தில் கான்டெக்ஸ்ட்-ஃப்ரீ இலக்கணம் எழுதுவதே புத்தி.

செய்தியின் தொடக்கத்தில் நீளத்தைத் தசம எண்ணாகச் சொல்லும் பகுதி இருக்கிறதா என்று பாருங்கள். நீளத்துக்கு வரம்பு இல்லையென்றால் மொழி கான்டெக்ஸ்ட்-ஃப்ரீயும் ஆகாது. 16 பிட் சரிபார்ப்புத் தொகை (செய்தி சிதையவில்லை என்று காட்டக் கணக்கிட்டுச் சேர்க்கும் எண்) வேறு ரகம்: ரெகுலர்தான், ஆனால் 65,536 மதிப்புகளைப் பிரித்தறிய வேண்டும். இரண்டையும் தனிக் குறுநிரலால் கணக்கிட்டுச் சேர்த்து அனுப்புங்கள். கற்கும் நிரல் மிச்சத்தை மட்டும் பார்க்கட்டும்.

ஒருவேளை மொழியின் வரையறையே கிடைத்துவிட்டால், வகைப்படுத்தலைக் கையால் செய்யலாம். ‘எத்தனை 0 வந்ததோ, பின்னால் அத்தனை 1’ என்பதில் எண்ணிக்கைக்கு வரம்பில்லை. ஆகவே ரெகுலர் இல்லை, கான்டெக்ஸ்ட்-ஃப்ரீ. அதன் பின்னால் அத்தனை 2உம் வேண்டும் என்றால் கான்டெக்ஸ்ட்-ஃப்ரீயும் இல்லை. ரெகுலர் மொழியின் போதிய நீளமுள்ள எந்தச் சரத்திலும் ஒரு பகுதியை எத்தனை முறை திரும்ப இட்டாலும் அது மொழிக்குள்ளேயே நிற்கும் என்பது பம்பிங் லெம்மா. ஒரு மொழி ரெகுலர் என்பதை மறுக்க மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்: அதற்கு உட்பட்டுவிட்டதாலேயே ஒரு மொழி ரெகுலர் ஆகிவிடாது. கிடைத்தது கான்டெக்ஸ்ட்-ஃப்ரீ இலக்கணம் என்றால், அது தரும் மொழி ரெகுலரா என்று தீர்மானிக்கும் பொது அல்காரிதமே கிடையாது. மூலநிரலைக் கொடுத்து அது ஏற்கும் மொழியின் வகையைக் கேட்டாலும் இதே நிலைமைதான். ஒரு நிரல் ஏற்கும் மொழியின் எந்தப் பண்பையும் (எல்லாவற்றுக்கும் ஒரே விடை வரும் அற்பப் பண்புகள் தவிர) பொது அல்காரிதத்தால் தீர்மானிக்க முடியாது என்னும் 1953இன் ரைஸ் தேற்றம் அந்தக் கதவை அடைத்துவிட்டது.

எல்-ஸ்டாரை ஓட்டும் முன் ஒன்றைச் சரிபாருங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் முன் மென்பொருள் தொடக்க நிலைக்குத் திரும்ப வேண்டும். முந்தைய செய்தியின் மிச்சம் எதையாவது அது நினைவில் வைத்திருந்தால், ஒரே சரத்துக்கு ஒருமுறை ‘ஆம்’, மறுமுறை ‘இல்லை’ என்று பதில் வரும். அல்காரிதம் பதில்களைக் குறித்துவைக்கும் அட்டவணை முழுக்கப் பாழாகும். ஒரே நூறு சரங்களை வரிசை மாற்றி இரண்டு தடவை அனுப்பிப் பதில்களை ஒப்பிட்டாலே இது தெரிந்துவிடும்.